வகுப்பு எடுத்தால் வாசிப்பு தேய்ந்துபோகுமா? செல்லோ, ஸ்டார்க்கர், கொஞ்சம் என் கதை

வில்லோசை (இழையைத் தொடங்கியவர்), இரவு 11.20

நான் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிப்பவள். வயது 34. வாரத்தில் நான்கு நாள் வகுப்பு, மொத்தம் 17 பிள்ளைகள். மீதி நாளில் ரெக்கார்டிங் வந்தால் போவேன், வருஷத்துக்கு மூன்று நான்கு கச்சேரி. போன வாரம் ஒரு கச்சேரி முடிந்து வாசலில் நிற்கும்போது, கூட வாசித்த ஒருவர், "நீதான் இப்ப டீச்சர் ஆயிட்டியே, எதுக்கு இவ்வளவு கஷ்டமானதை எடுத்து வாசிக்கிறே?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு நாள் செல்லோ பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை.

அப்புறம் செல்லோ மேதை யானோஷ் ஸ்டார்க்கரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1924இல் புடாபெஸ்டில் பிறந்தவர், 2013இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ப்ளூமிங்டனில் காலமானார். எட்டு வயதில், தன்னைவிடச் சின்ன ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். பன்னிரண்டு வயதாகும்போது ஐந்து மாணவர்கள்! கற்பிக்காமல் தன்னால் வாசிக்க முடியாது, வாசிக்காமல் கற்பிக்கவும் முடியாது என்று அவர் சொல்வாராம். தான் செய்வதை இன்னொருவருக்கு விளக்க வேண்டி வரும்போதுதான் உண்மையில் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரிகிறது என்பது அவர் கட்சி.

இது உண்மைதானா, இல்லை பெரிய பேராசிரியர் ஆன பிறகு சொன்ன நல்ல வார்த்தையா? அவர் வாழ்க்கையை ஊன்றிப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இது இப்போது நிஜமாகவே தெரிய வேண்டும்.

---

பழையரெக்கார்டு, காலை 6.05

தங்கச்சி, காலையில் எழுந்து இதைத்தான் முதலில் படித்தேன். நாற்பது வருஷமாக ஸ்டார்க்கர் ரெக்கார்டுகளைச் சேர்த்துக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வெறும் நல்ல வார்த்தை இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால்தான் புரியும், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தையல்காரர். இரண்டு அண்ணன்கள், இருவரும் வயலின். இவர் புடாபெஸ்ட் லிஸ்ட் இசை அகாடமியில் அடால்ஃப் ஷிஃபரிடம் படித்தார். ஷிஃபர் யார் என்றால் செல்லோ மேதை டேவிட் பாப்பரின் சீடர், பாப்பருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். (நீங்கள் பாப்பரின் 40 பயிற்சிகளில் கை வலிக்க வாசித்திருப்பீர்கள், அதே பாப்பர்.) குழுவாக வாசிக்கிற கலையை அங்கே லியோ வைனரிடம் கற்றார். 14 வயதில், வாசிக்க வேண்டியவர் வர முடியாமல் போக, மூன்று மணி நேரம் முன்னால் சொல்லியனுப்பி ட்வோர்ஷாக் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை (தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய படைப்பு) மேடையில் வாசிக்க வைத்திருக்கிறார்கள். வாசித்துவிட்டார்.

அப்புறம் போர். யூதக் குடும்பம். செப்பெல் தீவில் முகாமில் அடைக்கப்பட்டார். இவர் பிழைத்தார். அண்ணன்கள் இருவரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போவதற்கே கஷ்டமாக இருக்கிறது.

போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஆப்பரா, ஃபில்ஹார்மோனிக் இரண்டிலும் முதன்மைச் செல்லோ. 1946இல் நாட்டை விட்டு வெளியேறி வியன்னா, ஜெனீவா, பாரிஸ். பாரிஸில் ஹங்கேரி இசையமைப்பாளர் கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டாவைப் பதிவு செய்து 1948இல் கிராண்ட் ப்ரீ டு டிஸ்க் என்ற பிரெஞ்சு ரெக்கார்டு பரிசு வாங்கினார். அதே வருஷம் டல்லாஸ் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மைச் செல்லோவாக அமெரிக்கா போனார், கூப்பிட்டவர் இன்னொரு ஹங்கேரியர், ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் அண்டால் டோராட்டி. 1949இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா. அங்கே நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனர், அவரும் புடாபெஸ்ட்காரர். 1953இல் ரைனர் சிகாகோ சிம்ஃபனிக்குப் போனபோது ஸ்டார்க்கரையும் அழைத்துக்கொண்டார். ஐந்து வருஷம் அங்கே.

இப்போது கவனியுங்கள். 1948இலிருந்து 1958 வரை பத்து வருஷம் அவர் முழுநேர ஆசிரியர் இல்லை, ஆர்கெஸ்ட்ராக்காரர். அந்தப் பத்து வருஷத்தில்தான் தனியாக மேடை ஏறுவது குறைவு. 1958இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே இசைப் பள்ளியின் தலைவர் வில்ஃப்ரெட் பெய்ன் நல்ல நல்ல வாசிப்பாளர்களாகத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டார்க்கருக்கு அப்போது வயது 34. உங்கள் வயது.

தனி வாசிப்பாளராக உலகம் சுற்ற ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அவரைச் சொல்லிக்கொடுக்கிற வேலை மேடையிலிருந்து இறக்கவில்லை, ஏற்றிவிட்டது.

---

கேள்விக்குறி, காலை 9.48

பழையரெக்கார்டு சார், அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு மறுப்பு. ஸ்டார்க்கருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்காது. அது பல்கலைக்கழகச் சம்பளம், நல்ல நல்ல மாணவர்கள், ஏற்கெனவே பேர் இருந்த ஆள். இங்கே வாரம் 17 பிள்ளைகளுக்கு "வில்லை நேராப் பிடி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுகிறவருக்கு அதே கணக்கைப் போடுவது சரியில்லை. ஒரு நாளில் 24 மணி நேரம்தான். ரஷ்ய செல்லோ மேதை ராஸ்ட்ரபோவிச் மாதிரி ஆள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த ராஸ்ட்ரபோவிச் நமக்குக் கிடைத்திருப்பாரா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஸ்டார்க்கர் வாசிப்பு எனக்குக் கொஞ்சம் ஆறிப்போனதாகப் படும். எல்லாம் சரியாக இருக்கும், சுருதி பிசகாது, முகத்தில் ஒரு அசைவு இருக்காது. ஆசிரியர் வாசிக்கிற வாசிப்பு அது என்றே நினைத்திருக்கிறேன்.

---

மத்யமாவதி, காலை 10.15

ராஸ்ட்ரபோவிச் வகுப்பில் உட்கார்ந்தார்! மாஸ்கோ கன்செர்வட்டரியில் வருஷக்கணக்காகப் பேராசிரியர். நத்தாலியா குட்மன், மீஷா மைஸ்கி எல்லாம் அவரிடம் படித்தவர்கள். இங்கிலாந்துச் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே 1966இல் மாஸ்கோவுக்குப் போய் அவரிடம் பாடம் கேட்டார், அப்போதே டு ப்ரே பெரிய பெயர். செல்லோ மேதை கசால்ஸ் 1919இல் பியானோ கலைஞர் கோர்ட்டோ, வயலின் கலைஞர் திபோ இருவரோடு சேர்ந்து பாரிஸில் ஒரு இசைப் பள்ளியையே தொடங்கியவர். பியாட்டிகோர்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸில் கடைசிவரை சொல்லிக்கொடுத்தார். டு ப்ரேவுக்கு 1973இல் நோய் இன்னதென்று தெரிந்து, வாசிக்கவே முடியாமல் போன பிறகும் அவர் பாடம் எடுத்தார். கற்பிக்காத பெரிய செல்லோக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

---

கேள்விக்குறி, காலை 10.31

சரி, ராஸ்ட்ரபோவிச் விஷயத்தில் தவறு என்னுடையது. திருத்தியதற்கு நன்றி மேடம். ஆனால் நேரம் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

---

பழையரெக்கார்டு, மதியம் 1.10

கேள்விக்குறி தம்பி சொன்ன "ஆறிப்போன வாசிப்பு" பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. நிறைய பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் இருபது வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டார்க்கர் சின்ன வயதில் வாசித்தது எல்லாம் தன்னால் வந்தது. எப்படி வருகிறது என்று யோசித்ததே இல்லை. போருக்குப் பிறகு பாரிஸ் பக்கம் இருந்த காலத்தில் அது திடீரென்று கைவிட்டுப் போனது. வில் எடுத்தால் பழையபடி வரவில்லை. பிள்ளை மேதைகளுக்கு இப்படித்தான் ஆகும், எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாமல் பாடுகிற பறவை ஒருநாள் விழித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும், அதுதான் எனக்கு ஆனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேடையில் மூன்று மணி நேர அவகாசத்தில் ட்வோர்ஷாக் வாசித்த ஆள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் அடிப்படையிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. தோள் எங்கே இருக்க வேண்டும், மூச்சு எப்போது போக வேண்டும், அடுத்த சுரத்துக்கு விரல் போவதற்கு முன்னால் முழங்கை என்ன செய்ய வேண்டும், வில்லின் எடை முதுகிலிருந்து வருகிறதா மணிக்கட்டிலிருந்து வருகிறதா, ஒவ்வொன்றாக.

பிறகு 1960களில் அவர் ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டார். செல்லோ கழுத்தில் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நான்கு தந்தியிலும் எந்தெந்த விரல் அமைப்பு சாத்தியம், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கட்டம் கட்டமாகப் போகும். நான் வாசிப்பவன் இல்லை, ஆனால் நண்பர் ஒருவர் அந்தப் பயிற்சிகளைத் தினமும் காலையில் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேட்க இசை மாதிரியே இருக்காது. வீட்டைக் கழுவித் துடைக்கிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் கழித்து அவர் பாக் வாசிக்க ஆரம்பித்தால் கை அங்கே இருப்பதே தெரியாது.

முகத்தில் அசைவில்லை என்பதற்குக் காரணம் மனசு காய்ந்துபோனது இல்லை. தேவையில்லாத ஒரு இறுக்கமும் உடம்பில் இருக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தார். உணர்ச்சி எல்லாம் ஒலியில் போகட்டும், புருவத்தில் போக வேண்டாம். கோடாய் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் தம்பி. 1950இல் பீட்டர் பார்டோக் பதிவு செய்தது, இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் மகன். அதைக் கேட்டுவிட்டு ஆறிப்போனது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ப்ளூமிங்டன் போன பிறகு என்னென்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நேரம் பற்றிய கேள்விக்கு அதுவே பதில் என்று நினைக்கிறேன். 1962இல் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை டோராட்டி நடத்த, ட்வோர்ஷாக் பதிவு. அதையொட்டி மெர்குரி ரெக்கார்டு கம்பெனிக்கு, தனிச் செல்லோவுக்கு பாக் எழுதிய சூட்கள் ஆறும் (அந்தப் பழைய பதிப்பு ரெக்கார்டுக்கு இன்று கேட்கிற விலையைச் சொன்னால் பயந்துவிடுவீர்கள்). 1965இல் கோஃப்ரில்லர் என்ற பழைய கைவினைஞர் 1705இல் செய்த செல்லோவை வாங்கினார், அதற்கு முன் ஒரு ஸ்ட்ராடிவாரியஸை இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். செல்லோவின் பிரிட்ஜில், நம் வயலின்காரர்கள் குதிரை என்பார்களே, அதில் கூம்பு வடிவில் சின்னச் சின்னத் துளை போட்டு ஒலியைத் திறக்கலாம் என்று கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். பியானோவுக்கு ஜூலியஸ் காட்சென், வயலினுக்கு யோசெஃப் சுக் இருவரோடு மூவர் குழு, 1969இல் காட்சென் இறக்கும்வரை. அதே வருஷம் மிக்லோஷ் ரோஜா எழுதிய கான்செர்ட்டோவை முதன்முதலாக வாசித்தார். பாக் சூட்களை வாழ்நாளில் ஐந்து தடவை பதிவு செய்தார், கடைசித் தடவைக்கு 1998இல் கிராமி, அப்போது வயது 73. இத்தனையும் வாரா வாரம் வகுப்பு எடுத்துக்கொண்டே.

---

திருச்சி வயலின், மாலை 4.22

செல்லோ பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது தேதியைப் பார்த்து மனம் நின்றுவிட்டது. ஸ்டார்க்கர் காலமானது 2013 ஏப்ரல் 28. எங்கள் லால்குடி ஜெயராமன் சார் காலமானது அதே ஏப்ரல் 22. ஆறு நாள் இடைவெளி.

லால்குடி சாரின் பரம்பரை தியாகராஜரின் நேரடிச் சீடரான லால்குடி ராமையர் வழி வருவது. ஸ்டார்க்கருக்கு பாப்பர், ஷிஃபர் வழி. இருவருமே வில் பிடித்தவர்கள், இருவருமே கச்சேரியையும் பாடத்தையும் பிரிக்காதவர்கள். லால்குடி சார் வாசிப்பவரா, சொல்லிக்கொடுப்பவரா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வியே எழாது. நல்ல வித்வான் என்றால் நாலு சிஷ்யர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். வில்லோசை மேடம், உங்களிடம் கேட்டவர் கேட்ட கேள்வியே தப்பு என்பது என் அபிப்பிராயம்.

---

இண்டியானா2008, மாலை 6.40

நான் ப்ளூமிங்டனில் கம்ப்யூட்டர் படித்தவன். ஸ்டார்க்கரை நேரில் பார்க்கும் பாக்கியம் இல்லை, அப்போது அவர் யார் என்றே எனக்குத் தெரியாது, அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

சின்ன ஊர். சுற்றிச் சோளக்காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம். அங்கே போய் ஒரு இசைப் பள்ளி வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் நிகழ்ச்சி நடத்துகிறது, பெரும்பாலும் இலவசம். பனிக்காலத்தில் ஹீட்டருக்காகவே உள்ளே போய் உட்கார்ந்து, நான் முதன்முதலாக ஒரு செல்லோவைப் பத்தடி தூரத்தில் கேட்டது அங்கேதான். வாசித்தவள் ஒரு மாணவி. முடித்ததும் முதல் வரிசையில் இருந்த வயதான பெண்மணி எழுந்து போய் அவள் இடது முழங்கையை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிவிட்டு, "இப்போது" என்று மட்டும் சொன்னார். அவள் அதே இடத்தைத் திரும்ப வாசித்தாள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் ஒலி மாறியது எனக்கே கேட்டது.

ஸ்டார்க்கர் அங்கே தனியாக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயலினுக்கு யோசெஃப் கிங்கோல்ட், பியானோவுக்கு மெனஹெம் ப்ரெஸ்லர், அப்புறம் ஸ்டார்க்கரின் பழைய ஹங்கேரி நண்பர் ஜார்ஜ் ஷெபோக். ஜாஸ் பிரிவில் டேவிட் பேக்கர். பேக்கர் டிராம்போன்காரர், விபத்தில் தாடை அடிபட்டு அதை வாசிக்க முடியாமல் போக செல்லோவுக்கு மாறியவர். அவர் ஸ்டார்க்கருக்காக ஒரு கான்செர்ட்டோவே எழுதியிருக்கிறார். ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் இருந்தால், வகுப்பு முடிந்து கதவைத் திறந்தால் கூட வாசிக்க ஆள் தயார்.

1979இல் ஸ்டார்க்கர் அங்கே ஒரு செல்லோ மையமும் ஆரம்பித்தார், கூட வேலை பார்த்து அதற்கு முந்தைய வருஷம் இறந்துபோன ஏவா யான்சர் என்ற செல்லோ ஆசிரியை நினைவாக. தன் பேரை வைக்கவில்லை.

---

கேள்விக்குறி, இரவு 8.15

ராத்திரிவரை காத்திருக்கவில்லை, இன்று மதியமே கேட்டேன் சார், கோடாய் இரண்டாம் பகுதி. ஆறிப்போனது என்ற வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இண்டியானா நண்பர் சொன்னதைத்தான் நான் வேறு மாதிரி சொல்ல வந்தேன். கூட வாசிக்க ஆள், மாதச் சம்பளம், அதனால் பிடிக்காத கச்சேரியை வேண்டாம் என்று சொல்லும் வசதி. இந்த மூன்றும் இருந்தது அவருக்கு. வில்லோசை மேடத்துக்கு மூன்றும் இல்லை. அதனால் மேடம், வகுப்பைக் குறைக்க வேண்டுமா என்பதைவிட, 17 பிள்ளைகளில் எத்தனை பேர் உங்களை யோசிக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். சும்மா நேரம் தின்கிற வகுப்பு எது, உங்களுக்கும் எதையாவது தருகிற வகுப்பு எது? முதலாவதன் கட்டணத்தை ஏற்றுங்கள், போகிறவர்கள் போகட்டும். கறாராகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் தங்கை பரதம் சொல்லிக்கொடுத்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்தவன்.

---

வில்லோசை, மறுநாள் இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. திருச்சி வயலின் சார், நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இன்று மாலை நடந்ததை எழுதியே ஆக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி படிக்கிறாள். செல்லோ கழுத்தில் முதல் இடத்திலிருந்து நாலாம் இடத்துக்குக் கை போகும்போதெல்லாம் சுருதி கொஞ்சம் கீழே விழுகிறது. மூன்று வாரமாக "கட்டைவிரல் கூடவே வரணும், கழுத்தை விடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் டீச்சர் சொன்னது அது. இன்று வாசித்துக் காட்டினேன். அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க விடுறீங்களே" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாசித்தேன். விட்டேன். ஒரு துளி நேரம், நகர்வதற்குச் சற்று முன்னால், கட்டைவிரல் அழுத்தத்தை விட்டுவிடுகிறது. தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. முழங்கை அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. இருபது வருஷமாக என் கை செய்வது எனக்குத் தெரியாமல், நேர்மாறாக அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் பாவம், கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நகர முயற்சி செய்திருக்கிறாள்.

"சரி, நீயும் விடு" என்றேன். நாலாவது தடவையில் சுருதி சரியாக வந்து உட்கார்ந்தது.

அவள் போன பிறகு நான் ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். மேடையில் எனக்கு எப்போதும் சறுக்குகிற ஒரு இடம் இருக்கிறது, மேல் பக்கம், பெருவிரல் தந்தியின் மேல் ஏறுகிற இடம். அங்கே நான் பயத்தில் முன்கூட்டியே இறுக்கிவிடுகிறேன். பயமில்லாத இடத்தில் விடுகிற கை பயமிருக்கிற இடத்தில் விடுவதில்லை. இது எனக்கு இன்றுதான் தெரியும்.

கேள்விக்குறி சார், நீங்கள் சொன்னபடி பட்டியல் போட்டேன். 17 பேரில் ஐந்து பேருக்கு ஆர்வம் பெற்றோருடையது மட்டும். இந்த மாதம் அவர்களோடு பேசப் போகிறேன். மிச்சம் பன்னிரண்டு பேரையும் விட மாட்டேன்.

---

பழையரெக்கார்டு, இரவு 11.02

அந்தக் கோடாய் சொனாட்டாவை எடுத்துப் பாருங்களேன் தங்கச்சி.

---

வில்லோசை, இரவு 11.09

நோட்டு அலமாரியில் இருக்கிறது சார், பயந்து மேலே வைத்துவிட்டேன். கீழ் இரண்டு தந்தியையும் அரை சுரம் இறக்க வேண்டும், ஜியை எஃப் ஷார்ப்புக்கும் சியை பிக்கும். கை ஒன்று தொடும், காது ஒன்று கேட்கும். நாளைக்கு இறக்கி வைக்கிறேன், தந்தி நிலைக்க இரண்டு நாளாவது ஆகும். வகுப்புக்கு இன்னொரு செல்லோவை வாடகைக்கு எடுக்க வேண்டும், யாரிடமாவது இருந்தால் தனி மடலில் சொல்லுங்கள்.